நான் தூங்கினேன் என்றால் கேட்டது யார்?

மகளே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே இப்போது பதினாறு வயதுதான், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். நீ இதைப் படிக்கிற காலத்தில் உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கும். கல்யாணமாகியோ வேலை கிடைத்தோ வேறு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய். அன்றைக்கு உனக்குப் புத்தி சொல்ல வேண்டியவள் வளர்ந்துவிட்ட ஒரு அம்மா. அவளை எனக்குத் தெரியாது. அவள் எப்படிப்பட்டவளாக ஆகிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் அவள் வருவதற்கு முன்னால் நானே உனக்கு எழுதிவிடுகிறேன். பின் அறையில் மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். கைபேசி வெளிச்சத்தைத் துப்பட்டாவால் மூடி, பக்கத்தின் மேல் ஒரு கை அகலத்துக்கு மட்டும் விழ விட்டிருக்கிறேன். நான் விழித்திருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. விடிந்ததும் மாமா வேனை எடுத்துக்கொண்டு வருவார். என்னைக் கல்வராயன் மலைமேல் மந்திரிக்கிற ஒரு ஆளிடம் கொண்டுபோய் விடப் போகிறார்கள். சரியாகிற வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

என்னிடம் இருப்பது ஒரே குறைதான். நான் தூங்குவதில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் தொடங்கியது. படுக்கிறேன், கண்ணை மூடுகிறேன், உடம்பு கனத்துப் போகிறது. ஆனால் காது மூடுவதில்லை. ஃப்ரிட்ஜ் நின்று மறுபடி ஓடுவது கேட்கிறது. கொட்டகையில் மாடு அசை போடுவது கேட்கிறது. எங்கள் வடக்கனந்தல் பக்கம் காட்டு மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் இரவில்தான் வருகிறது. அது வந்ததும் அப்பா எழுந்து போவார். போகும்போது என் முகத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பார். இமைக்குப் பின்னால் அந்த வெளிச்சம் சிவப்பாக வந்து போவது எனக்குத் தெரியும். காலையில், "நான் ராத்திரி தூங்கலப்பா" என்றால் சிரிப்பார். "டார்ச் அடிச்சிப் பார்த்தேனே, வாய தொறந்துகினு தூங்கினு இருந்த. ஈ பூந்தாகூட தெரியாது உனக்கு" என்பார்.

என்னை நம்ப வைக்க வேண்டும் என்று நான் செய்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு நாள் இரவு அப்பா மாமாவிடம் கைபேசியில் குசுகுசுவென்று பேசினார். செவலைப் பசுவை ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு போய்விடு, பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாத என்றார். காலையில் நான் போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"யாரு சொன்னது உனக்கு?" என்றார் அப்பா.

"நீதான்ப்பா. ராத்திரி போன்ல பேசினியே."

"நீ தூங்கினு இருந்தியே."

"அதான் தெனமும் சொல்றேனே, நான் தூங்கலன்னு."

அப்பா கையில் இருந்த பால் சொம்பு சாய்ந்து பால் தரையில் ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அம்மா அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. செவலையை விற்கவில்லை. விற்க அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் காலையில், முந்தைய இரவு கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். மகளே, உண்மையைச் சொல்லாதே என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பரிசு வாங்குகிற மாதிரி சபையில் வைத்துக் காட்டாதே. கொஞ்ச நாளில் அப்பா இருட்டினதும் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். செருமல் வந்தால்கூட வாசலுக்குப் போய்ச் செருமிவிட்டு வந்தார். எங்கள் வீடு இரவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே ஒட்டுக்கேட்க ஆரம்பித்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நைனார்பாளையத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை, எனக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர். அவர்தான் முதலில் அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுத்தார். "மாமா, இது ஆஸ்பத்திரி சமாச்சாரம் இல்ல. பொண்ணு தூங்குது, வேற ஒண்ணு அதுக்குள்ள முழிச்சினு ஒக்காந்துகினு கேக்குது. மலைக்கி கூட்டினு போனா செரியாப் பூடும். எங்க வூட்டுலயே பார்த்ததுதான்" என்றார். அப்பா யோசித்து ஒரு வழி சொன்னார். கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க மெஷின் வைத்துத் தூக்கத்தைப் பார்க்கிறார்களாம். மெஷினில் நோய் என்று வந்தால் வைத்தியம். தூக்கம் நன்றாக இருக்கிறது என்று வந்தால் மாமா சொன்ன வழி. மாமாவும் சரி என்றார். அன்றிலிருந்து, எனக்கு நோய் இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன்.

சாயங்காலம் நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தோம். அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்பவள் சுகந்தி அக்கா. களமருதூர்க்காரி. என் தலையில் கை வைத்தவள் உடனே கையை உதறினாள்.

"இன்னாம்மா இது? எண்ண வெக்காம கூட்டினு வாங்கன்னு போன்ல அவ்ளோ சொன்னேனே."

"கொஞ்சமாதாம்மா. வெளக்கெண்ண. சூடு எறங்கட்டுமேன்னு" என்றாள் அம்மா.

"கொஞ்சமா? இதுல பஜ்ஜியே சுடலாம். ஒயரு இன்னா பல்லியா, இதுல ஒட்டிகினு நிக்கறதுக்கு?"

"தூங்க வெக்கிற எடத்துக்கு எண்ண வெக்காமயாம்மா கூட்டினு வருவாங்க?"

"தூங்க வெக்கிற எடம் இல்லம்மா இது. தூங்கறாளான்னு பாக்கற எடம்."

என்னைக் குனிய வைத்து ஷாம்பு போட்டுத் தேய்த்தாள். நுரை வராமல் மறுபடி போட்டாள். அம்மா பக்கத்தில் துண்டோடு நின்று, இவ்வளவு நேரம் தலை நனைந்தால் சளி பிடிக்கும் என்று முணுமுணுத்தாள். தலை காய்ந்ததும் பசை தொட்டு ஒயர்களை ஒட்டினாள் அக்கா. தலையில், கண்ணோரத்தில், முகவாயில், காலில். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பட்டை கட்டினாள். மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கவ்வி. அம்மாவுக்குச் சுவரோரமாகச் சின்னக் கட்டில் ஒன்று போட்டிருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு அக்கா பக்கத்து அறைக்குப் போனாள். உத்தரத்துக்குக் கீழே கேமராவின் சிவப்புப் புள்ளி ஒன்று மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் குரல் சுவரில் இருந்த பெட்டியிலிருந்து வந்தது. "கண்ண மூடு. தொற. தலைய ஆட்டாம மேல பாரு. கீழ பாரு. பல்லக் கடி. எடது கால ஆட்டு." நான் செய்தேன். உடம்பைக் கழற்றி இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அம்மா படுத்த கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு ஆழமாகி மெல்லிய குறட்டை வந்தது. நான் விழித்துக்கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று பெட்டி கரகரத்தது. சுகந்தி அக்கா மைக்கை அணைக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "ஒடம்பு கொதிக்குதா அத்த? துணிய நனச்சி நெத்தியில போடுங்க. அழுவுதா? போன அது காதுல வையிங்க." பிறகு அவள் குரல் குழைந்தது. "கண்ணு, அம்மா வேல பார்த்துகினு இருக்கேன்டா. இங்க ஒரு அக்கா தூங்குது. எவ்ளோ நல்லா தூங்குது தெரியுமா? நீயும் அத மாதிரி தூங்கு." அந்த அக்கா நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இல்லை, நான் தூங்கவில்லை என்று கையைத் தூக்கிக் காட்ட நினைத்தேன். கை வரவில்லை. குரலும் வரவில்லை. சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. இப்போது யோசித்தால், கண் மூடியிருந்தபோது அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை.

காலையில் அக்கா சிரித்துக்கொண்டே வந்து ஒயர்களைப் பிரித்தாள். "சூப்பரா தூங்கினடி. இந்த மாதிரி ஆளுங்க வந்தா எனக்கு வேலையே கம்மி."

"நான் தூங்கலக்கா."

"நான்தான் பார்த்துகினே இருந்தேனே."

"பாப்பாவுக்கு ஜொரம் விட்டுடுச்சாக்கா?"

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து அறைக்குப் போய், திரையில் இரவைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தாள். அவள் பேசிய நேரத்தில் என் மூளையின் கோடுகள் பெரிதாக, மெதுவாக, ஏரித் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருந்தன. "இது ஆழ்ந்த தூக்கம். இந்தத் தூக்கத்துல பக்கத்துல வெடி வெச்சாலும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் என்னைத் தொடவில்லை. பஞ்சைக் கையில் கொடுத்துப் பசையை நீயே துடைத்துக்கொள் என்றாள்.

அப்பாவும் மாமாவும் வந்ததும் அக்கா நடந்ததை அவர்களிடம் சொன்னாள். பிறகு டாக்டர் கூப்பிட்டார். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். "தூக்கம் வருது. தூங்கினோம்ங்கறதுதான் இவளுக்குத் தெரியல. உடம்பு படுத்தாலும் ஏதோ ஒண்ணு உள்ளே காவல் காத்துக்கிட்டே இருக்கு. சில பேருக்கு இப்படி உண்டு, இதுக்குப் பேரும் உண்டு, வைத்தியமும் உண்டு. மாசம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, பயிற்சி சொல்லித் தர்றோம். வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" அப்பா இல்லைங்க என்றார். அம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தூங்கினாளா, இல்லையாங்க?" என்று அப்பா கேட்டார்.

"தூங்கினா" என்றார் டாக்டர். அப்பா காதில் அது ஒன்றுதான் விழுந்தது.

வேனில் திரும்பினோம். ஊர் எல்லை வந்ததும் மாமாதான் மெதுவாகச் சொன்னார். "பார்த்தீங்களா மாமா? மெஷினே சொல்லிடுச்சி. இவ தூங்கிட்டா. அப்ப அந்தப் பொண்ணு பேசினத கேட்டது யாரு?"

மகளே, அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. இத்தனை நாளும் யாரும் நம்பவில்லையே என்றுதான் அழுதேன். இப்போது எல்லோரும் நம்புகிறார்கள், என்னைத் தவிர வேறு யாரையோ. நான் தூங்கினேன் என்றால் என் இமைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் யார்? இந்தப் பேனாவைப் பிடித்திருப்பது நானா, அவளா? மலைக்குப் போனால் அவளைத் துரத்துவார்கள் என்கிறார் மாமா. அவள் போன பிறகு மிச்சம் இருக்கப்போவது யார் என்று யாரும் சொல்லவில்லை. இது உனக்கும் வரலாம். வந்தால் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நல்லாத்தானே தூங்கினே என்று சொல்லப்போகிறவள் நானாகவே இருப்பேன். அப்போது என்னை நம்பாதே. இந்தக் காகிதத்தை நம்பு. தூங்கினாயா என்று உன்னைக் கேட்பவர்களைவிட, உன் காதுக்கு என்ன கேட்டது என்று கேட்பவர்கள் பக்கத்தில் இரு. ஒரு வேளை நான்

இங்கே எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் வெளிச்சத்தை அணைக்கப் போனேன். "அணைக்காத" என்றாள் அம்மா. மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ தூங்கலயாம்மா?"

"தூங்கினுதான் இருந்தேன். பேனா மூடி கீழ வுழுந்துச்சி. அத தேடின. நாலஞ்சி பக்கம் திருப்பின. நடுவுல மூக்க உறிஞ்சின. எல்லாம் கேட்டுச்சி. தூங்கினுதான் இருந்தேன்."

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த ஆஸ்பத்திரி பொண்ணு கொழந்தகிட்ட பேசினதும் கேட்டுச்சி."

"அப்ப டாக்டர் கேட்டப்ப ஏம்மா சொல்லல?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"சொன்னா இன்னா ஆவும்னு தெரியும்டி எனக்கு."

அம்மாவுக்கு என் வயது இருக்கும்போது அவளையும் மலைக்குக் கொண்டுபோனார்களாம். மாமா அப்போது சின்னப் பையன். கூட வந்தவன் வண்டியிலேயே தூங்கிவிட்டானாம். கீழ்நாட்டிலிருந்து போய் மலையில் கடுக்காய் மரங்களுக்கு நடுவில் குடிசை போட்டிருந்த ஒரு ஆள், அம்மாவின் முகத்துக்கு நேராக மிளகாய்ப் புகை போட்டு, தூங்கவிடாமல் உடுக்கை அடித்து, ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தானாம். கேட்கிறது யார், பேரைச் சொல். நான்தான் கேட்கிறேன் என்று அம்மா சொல்லச் சொல்ல அடி விழுந்ததாம். கடைசியில் ஒரு பேரைச் சொன்னாளாம். பேய் போய்விட்டது என்று கீழே கொண்டுவந்து விட்டார்கள். "செரியாயிடுச்சின்னு எல்லாரும் நெனச்சாங்க. உங்க மாமன் இன்னிக்கி வரைக்கும் அப்படித்தான் நெனச்சினு கீறான். நான் வெளிய சொல்றத நிறுத்திட்டேன். அவ்ளோதான்."

"இன்னா பேரும்மா சொன்ன?"

அம்மா என் பேரைச் சொன்னாள். என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து "ம்" என்றேன்.

"உன்ன கூப்புடல. அந்தப் பேருதான் சொன்னேன்னு சொல்றேன்."

அப்போது ஊரில் அந்தப் பேரில் யாருமே இல்லையாம். செத்துப்போன யார் பேரையாவது சொன்னால் அந்த வீட்டுக்குப் பழி வரும் என்று, இல்லாத ஒரு பேராகத் தேடிச் சொன்னாளாம். "அப்பறம் எதுக்கு அத எனக்கு வெச்ச?" என்றேன். "நீ பொறந்த ராத்திரி உன்ன பார்த்துகினே இருந்தேன். கண்ண மூடிகினு, சத்தம் வர்ற பக்கமெல்லாம் தலைய திருப்பிகினு கெடந்த. வேற பேரு வாயில வரல" என்றாள். மகளே, மாமாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கேட்டது யார் என்றால், நான் பிறப்பதற்கு முன்பே மலைமேல் ஒருத்தி அடி தாங்காமல் என் பேரைச் சொல்லியிருக்கிறாள். இது எனக்கு ஆறுதலா, பயமா என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா எழுந்து நேராகப் போய் அப்பாவை எழுப்பினாள். கதவோரம் நின்று நான் பார்த்தேன்.

"அவ போறதா இருந்தா நானும் வேன்ல ஏறுவேன்" என்றாள்.

"தொணைக்கா?"

"இல்ல. எனக்கும் அதே நோவு. நானும் தூங்கறப்ப எல்லாம் கேக்கறேன்."

"இன்னாடி ஒளறற?" என்று அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"சண்ட போட்ட அன்னிக்கெல்லாம், நான் தூங்கிட்டேன்னு நெனச்சி தலமாட்டுல வந்து நின்னு சொல்லுவீங்களே. 'தப்புதான்டி, கைய நீட்டி இருக்கக் கூடாது.' போன பொங்கலுக்குச் சொன்னீங்க. எங்கப்பா செத்தப்ப சொன்னீங்க. கல்யாணம் ஆன புதுசுல இருந்து ஒண்ணு விடாம கேட்டுகினுதான் இருக்கேன்."

அப்பா சண்டைக்கு வருகிற மாதிரிக் கேட்டார். "எல்லாம் கேட்டுச்சின்னா காலையில எதுக்கு மொகத்த தூக்கி வெச்சிகினு இருந்த?"

"காலையில சொன்னீங்களா நீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அப்பா சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். ஒரு பேய் கையால்தான் இத்தனை நாள் சோறு சாப்பிட்டோமா என்று கணக்குப் போடுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு கைபேசியை எடுத்தார். "மச்சான், வண்டிய எடுக்காத. இல்ல, யாரும் மலைக்கி வரல. ஏன்னா, ஏன்னா இன்னாடா ஏன்னா? அப்படி ஏத்தறதுன்னா வூட்டுல பாதிய ஏத்தணும். மாசம் ஒருவாட்டி ஆஸ்பத்திரிக்கி வண்டி வேணும், அதுக்கு வா." வைத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமல், "டாக்டர்கிட்ட நீயும் காட்டிக்க" என்றார். "செரி" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று சொல்ல அப்பா பின் அறைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். இனிமேல் என் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்குக் கொஞ்ச காலம் ஆகும். நீ யாரிடமாவது உன் உண்மையைச் சொல்லி அவர் நம்பிவிட்டால், அந்த நம்பிக்கையோடு வாழ அவருக்கும் நேரம் கொடு. நம்புகிறவர்களுக்கும் பயமாக இருக்கும் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லோரும் மறுபடி படுத்துவிட்டார்கள். அம்மாவின் மூச்சு ஆழமாகி, மெல்லிய குறட்டை வந்துவிட்டது. அப்பா புரண்டு புரண்டு படுப்பது கேட்கிறது. இப்போது வீட்டில் தூங்காமல் இருப்பவர் அவர்தான். சற்று முன்பு இருட்டில் மிக மெதுவாகக் கேட்டார். "ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா?"

அம்மாவின் குறட்டை மாறவில்லை. நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். பாவம், அவர் தூங்கட்டும்.